மேட்டு பங்களாவுக்கு ஒரு நெருப்பு மணி

1. விடிவதற்கு முன் மணி அடித்தது.
2. மேட்டு பங்களாவில் விடுமுறைக்குத் தங்கியிருந்த குடும்பம், அறைக்கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பின்படி, பெட்டிகளை விட்டுவிட்டு, ஓடாமல், தள்ளாமல் வெளியேறியது.
3. அறிவிப்பில் குறித்திருந்த சமதரையில் போய்க் கூடியது.
4. அங்கே தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றிருந்தார்கள்.
5. வேலை பிரிக்கும் மண்டோர் எல்லாரையும் எண்ணினார். கணக்கு இடித்தது. மறுபடி எண்ணினார்.
6. வங்கி அதிகாரி ஒருவர் புல்வெட்டுக்கு அனுப்பப்பட்டார்.
7. நெருப்பு எங்கும் இல்லை.

இது நான் எங்கள் துரைக்கு எழுதிக்கொடுத்த அறிக்கை. அவர் அதைப் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆக மொத்தம் அறிவிப்பு வேலை செய்யுது. அதானே?" என்று மட்டும் கேட்டார்.

இந்தப் பழைய கதையை இப்போது எழுதக் காரணம் தேவி. என் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பெண். பங்களாவுக்கு மின்சார மணி வந்துவிட்டது. கூரையில் வட்டமாக ஒரு பெட்டி, புகை பட்டால் தானே அலறும். அதை மாட்டி முடித்த கையோடு தேவி, "அக்கா, சமையக்கட்டு வாசல்ல ஒரு பழைய பைப்புத் துண்டு தொங்குதே, கழட்டிறலாமா?" என்று கேட்டாள். கையில் திருப்புளியோடு நின்றாள். ஒரு வாரம் பொறு, எழுதித் தருகிறேன் என்றேன்.

முப்பத்து சொச்சம் வயதில் ஓய்வு என்றால் சிரிப்பார்கள். கணவருக்கு ஜொகூருக்கு மாற்றல், அதனால் விலகுகிறேன். ஆனால் தோட்டத்தில் யார் எதற்காக வேலையை விட்டாலும் 'ரிட்டயர்' என்றுதான் சொல்வார்கள். எனக்கும் மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஓய்வு பெற்றவள் பேசுவது போலவே பேசுகிறேன்.

நான் இதே மலையில் ரிங்லெட்டில் பிறந்தவள். அப்பா காய்கறி லோரி ஓட்டினார். ஈப்போவில் தொழில்நுட்பம் படித்தேன்: மின் இணைப்பு, குழாய் வேலை, வரைபடம். எழுபதுகளின் கடைசியில் தேயிலைத் தொழிற்சாலையில் டெக்னிஷனாகச் சேர்ந்தேன். முதல் வருடம் என்னை எதையும் தொடவிடவில்லை. இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் என்னிடம் தள்ளிவிட்டார்கள். பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும்.

தள்ளிவிடப்பட்டவற்றில் ஒன்று மேட்டு பங்களா. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கட்டடம். கல் சுவர், பலகைத் தரை, கூடத்தில் ஆள் நுழையும் அளவுக்குக் கணப்பு. கடைசி வெள்ளைக்காரர் போன பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்தது. அதை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. மலைக்குக் குளிர் அனுபவிக்க வருகிற கோலாலம்பூர், ஈப்போ, சிங்கப்பூர் குடும்பங்களுக்குப் பிரிஞ்சாங் ஹோட்டல்களில் இடம் போதவில்லை. சில மாதம் சோதனையாக விடுவது, பிறகு இன்சூரன்ஸ்காரர் வந்து பார்ப்பார், அவர் சரி என்றால் தொடர்வது, இல்லையென்றால் மறுபடி பூட்டு. இதுதான் ஏற்பாடு.

பூட்டினால் நஷ்டம் தலைமை அலுவலகத்துக்கு அல்ல. பங்களாவின் சமையற்காரர் அந்தோணிசாமிக்கும் அவர் மனைவி லூர்து அக்காவுக்கும்தான். பூட்டிக் கிடந்த வருடங்களிலும் கூட்டித் துடைத்து அதைக் காத்தவர்கள் அவர்கள். சமையற்கட்டை ஒட்டிய இரண்டு அறைதான் அவர்கள் வீடு. வேலை போனால் வீடும் போகும். மலைச்சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க அவர் முழங்கால் இடம் கொடுக்காது. முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "மிஸ், நீங்க எழுதுற ஒவ்வொரு தப்பும் என் கூரைல ஒரு ஓட்டை. பாத்து எழுதுங்க."

என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. நான் அவரை அண்ணே என்பேன். தோட்டத்தில் துரையைத் தவிர எல்லாருக்கும் அவர் அண்ணன்தான்.

துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜரத்தினம் என்று பெயர். தமிழர்தான். ஆனாலும் தோட்ட மேனேஜர் நாற்காலிக்குத் துரை என்ற பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. நான் பார்த்த மேலதிகாரிகளில் பட்டியலைப் படித்து மட்டும் நம்பாதவர் அவர் ஒருவர்தான். "நீ எழுதினது சரி. இப்ப விருந்தாளி வருவான். அவன் உன் பட்டியலப் படிச்சிட்டா வருவான்?" என்பார். பிறகு அவரே விருந்தாளி ஆகிவிடுவார்.

நடைமுறை இதுதான். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தான் யார் என்று அறிவிப்பார். அதற்குப் பிறகு அவர் துரை இல்லை. கேள்வி கேட்டாலும் அந்த ஆளாகவே பதில் சொல்வார்.

முதல் சனிக்கிழமை, "எனக்கு ஆறு வயசு. பேரு பாபு. அம்மா தூங்குறாங்க" என்றார். முழங்காலில் ஊர்ந்து, கட்டிலுக்கு அடியில் போய், அங்கே மூடாமல் கிடந்த மின்செருகித் துளையைக் கண்டுபிடித்தார். நான் அந்த அறையை இரண்டு முறை பரிசோதித்திருந்தேன், நின்றுகொண்டே. அதன் பிறகு பாபு வராந்தாவுக்குப் போனான். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தான். தலை உள்ளே போயிற்று. திரும்பி வரவில்லை.

பள்ளத்தாக்கைப் பார்த்தபடி துரை, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது பாபுவின் கேள்வியா துரையின் கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தோணி அண்ணன் மார்ஜரின் டப்பாவோடு வந்து, இரண்டு காதிலும் பக்குவமாகத் தடவினார். லூர்து அக்கா பின்னால் இருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். கீழே தேயிலைக் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். விடுபட்டதும் துரை காதைத் துடைத்துக்கொண்டே, "கம்பி வலை. மேலேருந்து கீழ வரைக்கும். எழுதிக்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் கண்ணாடி இல்லாத கிழவி. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்கு நடந்தார். வாசலில் ஒரு படி இறங்க வேண்டும். இறங்கவில்லை, விழுந்தார், நல்லவேளை, ஈரத்துணிக் கூடையில். அந்தப் படியின் விளிம்பில் வெள்ளைப் பட்டை வந்தது அப்படித்தான். இன்னொரு வாரம் குடித்துவிட்டு வந்த மாமா. துரை குடிக்காதவர், அதனால் எப்படி நடப்பது என்று தெரியவில்லை. அந்தோணி அண்ணன் கூடத்தில் ஒரு சுற்று நடந்து காட்டினார். மிக நன்றாக நடந்தார். அது நடிப்பா என்று நான் கேட்கவில்லை. லூர்து அக்கா கேட்டார்.

இப்படி என் பட்டியல் வளர்ந்தது. துணி சுற்றிய பழைய மின்கம்பிகளை மாற்றினேன். கணப்புக்கு முன் இரும்புக் கூண்டு செய்து வைத்தேன். சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி வாசலுக்கு ஒன்று வைத்தேன். நான் முன்னால் வைத்துக்கொண்டே போக, அந்தோணி அண்ணன் பின்னால் எடுத்துக்கொண்டே வந்தார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எல்லாம் உபசாரம். கூண்டு இருந்தால் விருந்தாளிக்குக் கால் சூடேறாது, ஆகவே கூண்டு சுவரோரம் போயிற்று. சிவப்பு வாளி பார்க்க அசிங்கம், ஆகவே கதவுக்குப் பின்னால் போயிற்று. பலகைத் தரையைச் சிவப்பு மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்து, முகம் தெரிய வைத்திருப்பார். படிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், வழுக்குகிறது என்றேன். மறுநாள் படிக்குப் பக்கத்தில்தான் அதிகம் மின்னியது.

"அண்ணே, யாராவது விழுந்தா?"

"இருவது வருஷமா யாரும் விழல மிஸ்."

"போன மாசம் ஆபீஸ் கிராணி விழுந்தாரே."

"அவரு எந்திரிச்சிட்டாரு லா."

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர் ஏறியதும் அவர் ஒரு இரும்புச் சட்டியில் கரி நெருப்பை நிரப்பி விருந்தாளிகளின் படுக்கையறைக்குக் கொண்டுபோய் வைப்பார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் லயத்து வீட்டில் பலகைக்குப் பலகை இடைவெளி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை போகும். பங்களாவிலோ கல் சுவர், கண்ணாடி ஜன்னல், குளிருக்குப் பயந்து இறுக்கிச் சாத்திய கதவு. கரிப்புகையில் நிறமும் வாடையும் இல்லாத நச்சு இருக்கிறது, தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார் என்று சொன்னேன். தன் அப்பா காலத்திலிருந்து வைக்கிறார்கள், எல்லாரும் காலையில் எழுந்தார்கள் என்றார். சட்டியைப் பிடுங்கி வைத்தேன். அவர் வேறு சட்டி எடுத்தார். அதையும் பிடுங்கினேன். மூன்றாவது நாள் வாணலியில் கொண்டுபோனார்.

அன்று நான் தாப்பா டவுனுக்கு இறங்கிப் போய் ரப்பர் வெந்நீர்ப் பைகள் வாங்கி வந்து கொடுத்தேன். ஆளுக்கு ஒன்று, போர்வைக்கு அடியில். லூர்து அக்கா அதற்குப் பூப்போட்ட உறை தைத்தார். அன்றோடு கரிச்சட்டி நின்றது. அண்ணனுக்கு வேண்டியிருந்தது கரி அல்ல, கையில் சூடாக ஏதாவது ஏந்தி விருந்தாளியின் அறைக்குப் போவது. இதை அப்போது புரிந்துகொண்டேன். ஆனால் மற்ற பொருள்களுக்கும் இதே மருந்துதான் என்று உடனே தோன்றவில்லை.

இனி மணி.

நெருப்புப் பிடித்தால் எல்லாரையும் வெளியே வரச் சொல்ல ஒரு சத்தம் வேண்டும். தண்டவாளத் துண்டு ஒன்றைப் பங்களா வாசலில் தொங்கவிட்டேன். அறைக்கதவுகளில் அறிவிப்பு ஒட்டினேன்: மணி விடாமல் அடித்தால் வெளியேறி, படிக்குக் கீழே உள்ள சமதரையில் கூடவும். எங்கள் மலையில் சமமான தரை கிடைப்பதே அரிது. அளந்து பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தேன்.

அந்த இடம் தோட்டத்தின் பெரட்டுக் களம். தினமும் விடிவதற்கு முன் அங்கேயும் ஒரு தண்டவாளத் துண்டை விடாமல் அடிப்பார்கள். ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள், மண்டோர் பெயர் படித்து வேலை பிரிப்பார். இது எனக்குத் தெரியாதா? தெரியும். துரைக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அறிவிப்பை மூவரும் படித்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் கேட்கிற சத்தம் எங்கள் காதுக்குள் போவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

வந்திருந்த வங்கி அதிகாரியின் குடும்பத்துக்குப் புதுக் காது. முதல் விடியலிலேயே எழுந்து, குழந்தைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நல்ல பனிமூட்டம். மண்டோர் முனியாண்டிக்குப் பகலிலேயே பார்வை மட்டு. வரிசையின் கோடியில் போர்வை போர்த்திய உருவங்களைப் பார்த்து, போர்வையோடு வேலைக்கு வருவது எந்த ஊர் வழக்கம் என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு வங்கி அதிகாரியின் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்து, "எந்த கேங்கு?" என்று கேட்டார்.

வங்கி அதிகாரி, குடும்பத்தோடு வந்திருப்பதாகச் சொன்னார்.

"எல்லாரும் குடும்பத்தோடதான் இருக்கோம். போ, புல்வெட்டுப் பக்கம் நில்லு."

அவர் போய் நின்றார். நெருப்பு அந்தப் பக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்தாராம். அந்தக் குடும்பத்தில் வரிசையில் சரியாக நின்றவர் அவருடைய தாயார் ஒருவர்தான். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவராம். அறிவிப்பைப் படிக்கவே இல்லை. மணி கேட்டதும் எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மண்டோர் அவரை மட்டும் எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் காலைப் பசியாறலுக்கு இடியாப்பம் போட்டு அவர்களைச் சமாதானப்படுத்தினார். குழந்தைகள், நாளைக்கும் போகலாமா என்று கேட்டார்கள்.

ஆக, வேறு சத்தம் வேண்டும். கூடும் இடத்தை முன்பக்கத்து ரோஜாப் பாத்திக்கு மாற்றினேன். அது சுலபம். சத்தம்தான் கிடைக்கவில்லை. தோட்டத்தில் சும்மா கிடக்கிற சத்தம் ஒன்றுகூட இல்லை என்பதை அந்த மாதம்தான் கண்டுபிடித்தேன். சங்கு ஊதினால் தொழிற்சாலை ஷிப்டு. கைமணி அடித்தால் கோயில். தப்பு அடித்தால் திருவிழா அல்லது சாவு, அடிக்கிற விதத்தைப் பொறுத்து. தகரத்தைத் தட்டினால் காட்டுப்பன்றி. லோரி ஹாரனை அமுக்கினால் டவுனுக்குப் போக ஆள் ஏறிவிடும். ரப்பர்ப் பந்து ஹாரனை முயன்றேன். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் காசோடு வந்து, ரொட்டி பாய் எங்கே என்று கேட்டார்கள். விசில் ஊதினேன். நாய்கள் வந்தன.

இத்தனைக்கும் எனக்கு வேண்டியது விருந்தாளிகளை எழுப்பும் சத்தம் மட்டும் இல்லை. உதவிக்கு ஆளைக் கொண்டுவரும் சத்தம். ரிங்லெட்டிலிருந்து தீயணைப்பு வண்டி எதுவும் மலை ஏறி வருவதற்குள் பங்களா சாம்பலாகிவிடும். வர வேண்டியவர்கள் கீழே லயத்தில் இருக்கிறார்கள். வேகமாக வர வேண்டும், வாளியோடு வர வேண்டும்.

மழையில்லாத மாதம் அது. லயத்துக் குழாயில் நேரம் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒரு மதியம் நான் லயத்தில் விளக்கு ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் திறந்துவிடும் முத்து வந்தார். ஸ்பானரை எடுத்துக் குழாயில் டங் டங் டங் என்று தட்டினார். அவர் நாலாவது தட்டு தட்டுவதற்குள் லயமே வெளியே நின்றது. எல்லார் கையிலும் வாளி. குளித்துக்கொண்டிருந்தவர்கூட வந்துவிட்டார். சம்பள நாளில்கூட நான் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை.

நான் ஏணியில் இருந்தபடியே எழுதிக்கொண்டேன்: பைப்பு.

அன்றே இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் சமையற்கட்டு வாசலில் தொங்கவிட்டேன். பக்கத்திலேயே ஸ்பானர். வெளியே தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க ஏற்பாடு. லயத்தில் வீடு வீடாகப் போய், மேட்டுப் பக்கம் பைப்புச் சத்தம் கேட்டால் பங்களாவில் நெருப்பு என்று அர்த்தம், வாளியோடு வரவேண்டும் என்று சொன்னேன். எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். அண்ணன் மட்டும் சந்தேகப்பட்டார்.

"தண்ணி வருதுன்னு ஓடி வந்து நெருப்பப் பாத்தா, ஏசுவாங்க மிஸ்."

"ஏசட்டும் அண்ணே. வந்துட்டு ஏசட்டும்."

பள்ளி விடுமுறைக்கு முன்னால் இன்சூரன்ஸ்காரர் வந்தார். நடேசன் என்று பெயர். கனத்த ஆள். சிரிக்கமாட்டார். அளவு நாடாவைப் பெல்ட்டில் செருகியிருந்தார். அன்று நல்ல மழை. காரிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் முழங்கால் வரை நனைந்துவிட்டார். நனைந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அளக்க ஆரம்பித்தார். கம்பி வலை, செருகிகள், வெள்ளைப் பட்டை, கூண்டு எல்லாம் பார்த்தார். வெந்நீர்ப் பையின் பூப்போட்ட உறையைக்கூடத் திருப்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து வாளியை எடுத்தபோது மட்டும் நின்றார்.

மணலில் புதினா வளர்ந்திருந்தது. செழிப்பாக.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "மணல் சும்மாத்தான இருக்குன்னு..." என்று இழுத்தார். இன்சூரன்ஸ்காரர் ஏதோ எழுதினார். அவர் பேனா நகர்ந்தபோது லூர்து அக்கா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது தண்ணீர்த் தொட்டி. ஈரக்காலோடு மறுபடி மழைக்குப் போகவேண்டாம், நாங்கள் ஆழத்தை அளந்து வருகிறோம் என்று சொல்லி, துரையும் நானும் வெளியே போனோம். இன்சூரன்ஸ்காரரைக் கணப்புப் பக்கம் உட்கார வைத்திருந்தோம். அண்ணன் தேநீர் கொண்டுவந்தார். விருந்தாளியின் கால் நனைந்திருப்பதைப் பார்த்தார். அவர் கண்ணில் அதற்குமேல் இன்சூரன்ஸும் இல்லை, வீடும் இல்லை. கால்சட்டையைக் கழற்றச் சொல்லித் தன் கைலியைக் கொடுத்தார். நெருப்புக்கு முன்னால் இருந்த கூண்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். காலுறைகளைக் கணப்பின் மேல்விளிம்பில் தொங்கவிட்டு, கால்சட்டையை ஒரு நாற்காலியில் விரித்து நெருப்புக்கு வெகு அருகே தள்ளினார்.

நாங்கள் தொட்டியில் கோலை விட்டு அளந்துகொண்டிருந்தபோது பைப்பு டங் டங் என்று அலறியது.

ஓடி வந்து பார்த்தேன். அண்ணன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு காலுறை எரிந்து விழுந்து, நாற்காலியில் கால்சட்டையோடு மெத்தையிலும் பற்றி, கம்பளத்துக்கு இறங்கியிருந்தது. அவர் கதவுக்குப் பின்னாலிருந்த சிவப்பு வாளியைத் தூக்கி, மணல், புதினா, வேர் எல்லாவற்றோடும் கம்பளத்தில் கொட்டினார். மெத்தையை நான் வெளியே இழுத்துப் போட்டேன். மழை அதை அணைத்தது. அவ்வளவுதான் நெருப்பு. அறை முழுக்கப் புகையும் புதினா வாசமும்.

ஆனால் லயம் கிளம்பிவிட்டது.

மேட்டுப் பாதையில் வாளிகள் வந்தன. பிளாஸ்டிக் வாளி, தகர வாளி, மண்ணெண்ணெய் டின், ஒரு குழந்தைக் குளியல் தொட்டி. நெருப்பு என்று நான் வீடு வீடாகச் சொன்னது ஒருவருக்கும் ஞாபகமில்லை. கொட்டுகிற மழையில், தண்ணீர் வந்துவிட்டது என்று ஓடி வந்திருந்தார்கள். வந்த வேகத்தில் தொட்டிக்கு முன்னால் வரிசை போட்டு, முறைக்குச் சண்டையும் ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்சூரன்ஸ்காரர், அறிவிப்பில் உள்ளபடி, ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் கைலியோடு நின்றுகொண்டிருந்தார். வரிசை அவர் வரைக்கும் நீண்டது. ஒரு பெண் தன் வாளியை அவர் காலடியில் வைத்து, "சார், பிள்ள அழுவுது. என் எடத்தப் பாத்துக்குங்க, யாரையும் உள்ள விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் பார்த்துக்கொண்டார். யாரையும் உள்ளே விடவில்லை.

துரை மழையில் நின்று தலை எண்ணினார். எத்தனை என்று சொன்னார், எனக்கு மறந்துவிட்டது. பங்களாவை மூன்று தடவை அணைக்கப் போதும்.

எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்தோம். இன்சூரன்ஸ்காரர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கூண்டை எடுத்தது யார் என்று கேட்டார்.

துரை வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன் முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றார்.

"மறுபடி எடுப்பீங்களா?"

லூர்து அக்கா கதவோரம் நின்று அவரையே பார்த்தார். ஒரு பொய் போதும். அண்ணன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"விருந்தாளி கால் நனைஞ்சிருந்தா எடுப்பேன் சார். பாத்துக்கிட்டு சும்மா இருக்கத் தெரியல."

எனக்கு அப்போதுதான் வெந்நீர்ப் பை ஞாபகம் வந்தது. நான் பேசினேன். இன்சூரன்ஸ்காரர் என்னைப் பார்த்ததால் நின்றுகொண்டு, வரிசைப்படுத்தி, சொன்னேன். ஒன்று, கூண்டைச் சுவரோடு திருகிவிடுகிறேன், ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியாது. இரண்டு, சமையற்கட்டு அடுப்புச் சுவரின் மறுபக்கம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அங்கே கொடிக்கம்பிகள் போட்டுத் துணி உலர்த்தும் அறை ஆக்குகிறேன். யார் நனைந்து வந்தாலும் அண்ணன் துணியை அங்கே கொண்டுபோவார். மூன்று, புதினாவுக்குத் தனி வாளி.

"இவரு அங்க கொண்டு போவாரா?"

"கொண்டு போவாரு சார். எடுக்காதீங்கன்னு சொன்னாத்தான் கேக்கமாட்டாரு. எங்க வைக்கணும்னு சொன்னா வைப்பாரு."

இன்சூரன்ஸ்காரர் அண்ணனிடம் திரும்பினார். நெருப்பைப் பார்த்ததும் முதலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"பைப்பத் தட்டினேன்."

"வாளிய எடுக்கல?"

"மொதல்ல தட்டு, அப்புறம் கொட்டுன்னு மிஸ் சுவத்துல எழுதி ஒட்டியிருக்காங்க சார். தெனம் அதப் பாத்துக்கிட்டேதான வெங்காயம் உரிக்கிறேன்."

இன்சூரன்ஸ்காரர் வெகுநேரம் எழுதினார். மூன்று நிபந்தனையோடு சரி என்று எழுதியிருந்தார். மூன்றாவது நிபந்தனை புதினா. கைலியோடு காரில் ஏறினார். கைலியைப் பிறகு துவைத்து, மடித்து, தபாலில் அனுப்பினார். ஒற்றைக் காலுறை எங்களிடமே தங்கிவிட்டது.

அந்த மாலை துரை வாசலில் செருப்பை மாட்டும்போது, அடுத்த வாரம் இன்சூரன்ஸ்காரராக வரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். லூர்து அக்கா வேண்டாம் என்றார். துரையிடம் அவர் நேரடியாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளி விடுமுறை வந்து போயிற்று. வேறு பங்களாக்களையும் என்னிடம் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் முதலில் ஆறு வயதுப் பையனாக முழங்காலில் ஊர்ந்துதான் பார்த்தேன். தலையை மட்டும் எங்கும் விடவில்லை.

தேவி, உன் கேள்விக்கு வருகிறேன். மின்சார மணியைச் சோதித்தபோது நானும் நின்றேன். நன்றாக அலறுகிறது. விருந்தாளிகள் கட்டாயம் எழுவார்கள். ஆனால் லயத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. போன மாதம் அண்ணன் ஸ்பானரைக் கை தவறிப் பைப்பின் மேல் போட்டார். சத்தம் ஒன்றே ஒன்று. கீழ்ப்பாதையில் ஏழெட்டு வாளி ஏறிவிட்டது.

இன்றைய நிலை இது. மேட்டு பங்களா திறந்திருக்கிறது, டிசம்பர் வரை இடமில்லை. அந்தோணி அண்ணனும் லூர்து அக்காவும் அதே இரண்டு அறையில் இருக்கிறார்கள். கூண்டு சுவரோடு இருக்கிறது. உலர்த்தும் அறையில் இன்றைக்கு யாரோ ஒரு சிங்கப்பூர்க்காரரின் காலுறை காய்கிறது. படிக்குப் பக்கத்தில் தரை இன்னும் வழுக்குகிறது, அதை உன்னிடம் ஒப்படைக்கிறேன். பைப்பைக் கழற்ற வேண்டாம்.